கூடினாலும் கொல்லும், குறைந்தாலும் கொல்லும்

சின்னமனூர் பக்கம் வாழையோ செங்கரும்போ மக்காச்சோளமோ போட்டிருக்கும் சம்சாரியிடம், ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். கடன், தண்ணீர், விலை எல்லாம் அப்புறம்தான். முதலில் வருவது காட்டுப்பன்றி. மேகமலை அடிவாரத்தில் தோட்டம் இருந்தால் கேட்கவே வேண்டாம். பொழுது சாய்ந்ததும் குட்டி குருமானோடு கூட்டமாக இறங்கும். விடிவதற்குள் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும்.

மறுநாள் டீக்கடையில் பேச்சு இப்படித்தான் போகும்.

"சினிமாவுல ஹீரோ வச்சிருக்கானே மேக்னம் ரிவால்வர், அது ஒண்ணு இருந்தாப் போதும்ணே. ஒரே வெடி."

"அதுக்கு எங்கப்பா போறது? நாட்டுத் துப்பாக்கியில மருந்தை ரெண்டு பங்கு போட்டா அதுவும் மேக்னம்தான்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் சிரிக்கிற விஷயம் இல்லை. அதை நம்பி கண்ணை இழந்தவர்கள், விரலை இழந்தவர்கள் மலையோரக் கிராமங்களில் உண்டு. மருந்தை ரெண்டு பங்கு போட்டால் அது ஏன் மேக்னம் ஆகாது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ராமாவரம் தோட்டத்தில் ஒரு மாலை

தமிழ்நாட்டில் துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசிய நாள் ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12. அன்று மாலை சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா ரிவால்வரால் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். எம்.ஜி.ஆருக்குக் காதோரம் பாய்ந்த குண்டு கழுத்துக்குள் தங்கியது. மிக அருகில் இருந்து சுடப்பட்ட குண்டு. இருந்தும் இரண்டு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். கழுத்தில் கட்டுப் போட்ட எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாக ஊர் ஊராக ஒட்டப்பட்டதும், அடுத்த மாதமே பரங்கிமலைத் தொகுதியில் அவர் ஜெயித்ததும், அவருடைய குரல் கடைசிவரை மாறிப்போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவு பக்கத்தில் சுட்டும் எப்படிப் பிழைத்தார்கள்? அன்றிலிருந்து சொல்லப்பட்டு வரும் விளக்கம் இதுதான்: தோட்டாக்கள் பழையவை. பல வருஷமாக மேஜை இழுப்பறையில் உருண்டு கிடந்தவை. மருந்து வீரியம் குறைந்து, குண்டின் பிடிப்பும் தளர்ந்து போயிருந்தது.

துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான். குண்டும் ஈயக் குண்டுதான். ஆனால் உள்ளே இருந்த மருந்து எரிய வேண்டிய வேகத்தில் எரியவில்லை. ஒரு துப்பாக்கியின் பலம் அதன் பருமனிலோ பளபளப்பிலோ இல்லை. தோட்டாவுக்குள் இருக்கும் ஒரு சிட்டிகை மருந்து எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் எரிகிறது என்பதில் இருக்கிறது.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். உண்மையில் தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்த ஒரு பொட்டலம். வெளியே பித்தளை உறை. அடியில், சுத்தியல் தட்டியதும் பொறி கிளப்பும் சின்னக் கேப்பு. நடுவில் வெடிமருந்து. முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். உறை துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

கேப்பு பொறிந்ததும் மருந்து எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயுவுக்கு இடம் போதவில்லை. அது எல்லாப் பக்கமும் முட்டுகிறது. பின்னால் இரும்பு, சுற்றிலும் இரும்பு. நகரக்கூடிய ஒரே பொருள் குண்டு. ஆகவே அது வெளியே பாய்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வாயுவுக்குக் குண்டு எது, சுடுகிறவரின் முகம் எது என்று தெரியாது. எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கம் போகும். முன்பக்கம் குண்டைத் தள்ளும் அதே அழுத்தம் பின்பக்கம் சுடுகிறவரின் கன்னத்தை நோக்கியும் தள்ளிக்கொண்டிருக்கிறது. நடுவில் நிற்பது இரும்பின் கனம் மட்டுமே.

எவ்வளவு அழுத்தம்? கார் டயரில் அடிக்கும் காற்று 32 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். சாதாரண .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு 17,000 பி.எஸ்.ஐ. மேக்னம் என்று பெயர் எடுத்த .357 தோட்டாவுக்கு 35,000. அதாவது, கார் டயரைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். கண் இமைப்பதற்குள் நடந்து முடியும் காரியம் அது.

மேக்னம் பிறந்த கதை

மேக்னம் என்றால் லத்தீனில் பெரியது என்று பொருள். சாதாரண பாட்டிலைப் போல இரண்டு மடங்கு கொள்ளும் ஒன்றரை லிட்டர் ஷாம்பெயின் பாட்டிலை மேலைநாடுகளில் மேக்னம் என்பார்கள். வழக்கத்தைவிட வலுவான தோட்டாக்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

.38 ஸ்பெஷல் வந்தது 1898-ல். அப்போது துப்பாக்கிகளில் புகை கக்கும் கருமருந்துதான் அதிகம். அதற்குத் தகுந்த மாதிரி உறையை நீளமாகச் செய்தார்கள். பின்னால் அதில் புகையில்லா மருந்தை நிரப்பத் தொடங்கினார்கள். அது வீரியம் கூடியது, ஆகவே கொஞ்சம் போதும். உறை பழைய அளவிலேயே இருக்க, உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். இந்த வெற்றிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது ஒரு வில்லனாக வரும்.

1935-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னம் ரிவால்வரை வெளியிட்டது. முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. பெயர்தான் வேறு வேறு. .38, .357 இரண்டிலும் குண்டின் குறுக்களவு ஒன்றே, சுமார் 9 மில்லிமீட்டர். இரண்டிலும் வழக்கமான குண்டின் எடையும் ஒன்றே, ஏறத்தாழ 10 கிராம். வித்தியாசம் வேகத்தில். .38-ன் குண்டு நொடிக்குச் சுமார் 230 மீட்டர் போகும். மேக்னத்தில் அதே குண்டு 375 மீட்டரைத் தொடும். அது ஒலியின் வேகத்தைவிட அதிகம். வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேல், அதனால் தாக்கும் சக்தி இரண்டரை மடங்குக்கு மேல். ஏனென்றால் சக்தி வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்.

இங்கேதான் அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். குறுக்களவு ஒன்றே என்பதால், யாராவது மேக்னம் தோட்டாவைப் பழைய .38 ரிவால்வரில் போட்டுச் சுட்டுவிட்டால்? பழைய இரும்பு தாங்காது, வெடித்துவிடும். அதனால் மேக்னத்தின் உறையைச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீட்டினார்கள். அவ்வளவுதான். நீளமான தோட்டா பழைய துப்பாக்கியின் அறைக்குள் முழுசாக உட்காராது, உருளையும் மூடாது. ஒரு நெல்மணியின் பாதி நீளம்கூட இல்லாத அந்த இடைவெளிதான் பூட்டு. எத்தனையோ பேருடைய கையையும் கண்ணையும் காப்பாற்றிய பூட்டு.

.44 மேக்னம் 1955 கடைசியில் வந்தது. 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளிண்ட் ஈஸ்ட்வுட் கையில் அதைப் பார்த்த பிறகு உலகம் முழுக்கப் பிரபலம். நம் ஊர் டீக்கடை வரை பேர் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

மேக்னங்களுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் எல்மர் கீத். ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர். மாடு, குதிரை என்று வாழ்ந்த மனிதர். வீட்டிலேயே தோட்டா நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வலுக் கூட்டிப் பார்ப்பது அவருடைய பித்து. 1920-களில் ஒருநாள் அவர் சுட்ட .45 ரிவால்வர் கையிலேயே வெடித்தது. உருளையின் மேல்பகுதி பிய்த்துக்கொண்டு போனது. அவருடைய அதிர்ஷ்டம், பிழைத்தார். அந்தத் துப்பாக்கியின் சுவர் மெல்லியது என்பதை உணர்ந்து, சுவர் கனமான .44-க்கு மாறினார். மேக்னத்தின் தகப்பன் என்று கொண்டாடப்படுகிறவர் கற்ற பாடமே இதுதான்: மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் இரும்பைக் கூட்ட வேண்டும்.

அருவங்காட்டு மருந்தும் அடுக்களை மருந்தும்

புகையில்லா மருந்து என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஊட்டி மலை ரயிலில் குன்னூர் தாண்டிப் போகும்போது அருவங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வரும். அங்கே இருக்கும் கார்டைட் தொழிற்சாலை 1903-ல் தொடங்கப்பட்டது. காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து அதற்குக் கொடுத்தார்கள். இந்தியாவின் ஆரம்பகால நீர்மின் நிலையங்களில் அது ஒன்று. கயிறு போல நீளமாக வார்க்கப்பட்டதால் அந்த மருந்துக்குக் கார்டைட் என்று பெயர்.

நூறு வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ள அந்தத் தொழிற்சாலையிலும் விபத்து நடந்ததுண்டு. சிவகாசி வட்டாரத்திலும் அப்படித்தான். பரம்பரையாகத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில்கூட, ஒரு உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மருந்து யாருக்கும் பழக்கப்பட்டது ஆகாது.

கருமருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புகையில்லா மருந்து திறந்த வெளியில் சாதுவாகத்தான் எரியும். அடைத்து வைத்தால் குணம் மாறிவிடும். அழுத்தம் கூடக் கூட எரியும் வேகம் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் இன்னும் கூடும். பிரஷர் குக்கரில் வெயிட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்பையும் கூட்டிக்கொண்டே போனால் எப்படியோ அப்படி. அதனால் மருந்தை இரண்டு பங்காக்கினால் அழுத்தம் இரண்டு பங்கோடு நிற்காது. எங்கே போய் நிற்கும் என்று அந்த இரும்புக்கும் தெரியாது.

இன்னொன்று, பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் பொடிதான். மெதுவாக எரிவதும் உண்டு, படக்கென்று எரிவதும் உண்டு. கருமருந்துக்கான துப்பாக்கியில் வேறு மருந்து விழுந்தால் முடிந்தது கதை. நிறத்தைப் பார்த்து மருந்தைக் கண்டுபிடிக்க எந்த நிபுணராலும் முடியாது.

கையால் நிரப்புகிறவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு

அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்ட பித்தளை உறையை எடுத்து, கேப்பும் மருந்தும் குண்டும் வாங்கி, வீட்டிலேயே தோட்டா செய்துகொள்வது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. அவர்கள் மருந்தை அளப்பது கிரெய்ன் என்ற எடையில். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம். நம் ஊர்ப் பத்தர் தராசில் வைக்கும் குன்றிமணியில் ஏறத்தாழ பாதி. ரிவால்வர் தோட்டாவில் அந்தப் பாதிக் குன்றிமணி கூடினாலே உச்ச வரம்பைத் தாண்டிவிடக்கூடும். பத்தருக்கு எடை தப்பினால் பணம் போகும். இவர்களுக்கு எடை தப்பினால் கை போகும்.

அதனால் அவர்கள் பின்பற்றும் முறைகள் பூஜை மாதிரி. மருந்துக் கம்பெனி சோதித்து அச்சிட்ட அட்டவணை இல்லாமல் தொடமாட்டார்கள். அதில் சொன்ன உச்சத்துக்கு வெகு கீழே தொடங்கி, சின்னச் சின்னப் படியாக ஏறுவார்கள். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். பீடி, சிகரெட், செல்போன் பேச்சு, டி.வி. எதுவும் கிடையாது. கண்ணாடி போடாமல் உட்காரமாட்டார்கள். குண்டை அமுக்குவதற்கு முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள்.

அந்த வெளிச்சம் எதற்கு? முன்னால் சொன்ன வெற்றிடம்தான் காரணம். உறையில் பாதி இடம் காலியாக இருப்பதால், கவனக்குறைவாக ஒரே உறையில் இரண்டு முறை மருந்து கொட்டினாலும் வழியாது. வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. பெட்டியில் இருக்கும் ஐம்பது தோட்டாவில் அந்த ஒன்று எமன்.

மருந்து கொட்டவே மறந்துவிட்டால்? அதுவும் ஆபத்துதான். கேப்பின் பொறி மட்டும் குண்டைத் தள்ளி, பாதிக் குழலில் செருகி வைத்துவிடும். டப்பென்று ஒரு சோப்ளாங்கிச் சத்தம். "சரியா வெடிக்கலையே" என்று அடுத்த தோட்டாவைச் சுட்டால், அடைபட்ட குழலுக்குள் புதுக் குண்டு மோதும். குழல் வீங்கிப் பிளக்கும். எம்.ஆர்.ராதாவின் பழைய தோட்டா இரண்டு உயிரைக் காப்பாற்றியது என்பதால் வீரியம் குறைந்த தோட்டா சாது என்று நினைத்துவிடக் கூடாது. அதே வகைத் தோட்டா இன்னொரு நாள் சுடுகிறவரையே முடித்துவிடும். கூடினாலும் கொல்லும், குறைந்தாலும் கொல்லும். அமிர்தத்துக்கு மிஞ்சக் கூடாது என்ற ஒரு விதிதான். வெடிமருந்துக்கு மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது.

இத்தனை ஒழுங்கோடு இருப்பவர்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மேக்னத்தின் நீளம்தான் பூட்டு என்று பார்த்தோம் அல்லவா? குட்டையான .38 உறையிலேயே ஒருவர் மேக்னத்துக்கான மருந்தை நிரப்பிவிட்டால் பூட்டு உடைந்துவிட்டது. அந்தத் தோட்டா பழைய துப்பாக்கியில் அழகாக உட்காரும். தொழிற்சாலை போட்ட பாதுகாப்பை ஒரு மனிதக் கை ஒரு நிமிஷத்தில் கழற்றிவிட முடியும்.

நாட்டுத் துப்பாக்கிக்கு யார் சாட்சி?

இப்போது மேகமலை அடிவாரத்துக்குத் திரும்புவோம். வாய்வழியாக மருந்து போட்டு, துணியோ நாரோ திணித்து, பால்ரஸ் குண்டு போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி என்பது ஒவ்வொரு வெடிக்கும் கையால் நிரப்புகிற துப்பாக்கி. ஆனால் தராசு இல்லை, அட்டவணை இல்லை, வெளிச்சம் அடித்துப் பார்க்க வழி இல்லை. "ஒரு கை மருந்து" என்பதுதான் கணக்கு. யாருடைய கை? உள்ளே ஏற்கெனவே மருந்து இருக்கிறதா? ராத்திரி இருட்டில், பன்றி உறுமும் பதற்றத்தில், இரண்டாவது தடவை நிரப்பிவிட்டோமா என்று யார் நினைவு வைத்திருப்பார்கள்?

தொழிற்சாலையில் செய்த ஒவ்வொரு துப்பாக்கியும் விற்பனைக்கு வருமுன் சோதனைச் சுடுதல் நடக்கும். வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவை வேண்டுமென்றே போட்டு, ஆள் தள்ளி நின்று சுட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவார்கள். லண்டனில் இந்த வழக்கம் 1637-லிருந்தே உண்டு. திருட்டுத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கிக்கு எந்த முத்திரையும் கிடையாது. கிடைத்த இரும்புக் குழாய். எந்தத் தையல் எப்போது விடும் என்று செய்தவருக்கே தெரியாது. அதைச் சோதனை செய்து பார்ப்பவர் யார் என்றால், கன்னத்தில் வைத்துச் சுடுகிற சம்சாரிதான். அதுவும் ஒவ்வொரு தடவையும்.

இதைவிட மோசமானது அவுட்டுக்காய். பழத்திலோ மாவிலோ மருந்து வைத்துப் பன்றிக்குப் போடுவது. அது பன்றியை மட்டும் தேடாது. மேய்ச்சலுக்குப் போன மாடு, காவல் நாய், விறகுக்குப் போன ஆள், கண்டெடுத்து விளையாடும் பிள்ளை என்று யார் வேண்டுமானாலும் அகப்படலாம். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வாயில் வெடித்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே இறந்துபோன கர்ப்பிணி யானையை நாடே பார்த்து அழுதது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் உரிமம் வாங்கிய துப்பாக்கி விரட்டத்தான், வேட்டைக்கு இல்லை. காட்டுப்பன்றியைக் கொல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனிக் குற்றம்.

உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை. 5 ஆண்டு வரை போகலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் கருவிகளும்கூடச் சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டாதான். ஆகவே அமெரிக்காக்காரர் யூடியூபில் மேஜை போட்டு நிரப்பிக் காட்டுவதைப் பார்த்து, இங்கே யாரும் செய்து பார்க்க நினைக்க வேண்டாம். அங்கே பொழுதுபோக்கு, இங்கே ஜெயில்.

மேக்னம் ரிவால்வர் ஆசைக்கும் அதே பதில்தான். நம் நாட்டில் தற்காப்புக்கு உரிமம் பெற்றவர்களிடம் அதிகம் இருப்பது கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர். அதை வைத்துப் பன்றி சுட முடியாது, சுடவும் கூடாது. ஒரு ஜாண் குழல் உள்ள எந்த ரிவால்வரும் இருட்டில் ஓடும் மிருகத்துக்கு ஏற்றதல்ல. காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று தோட்டக்காரருக்குத் தெரியும். மேக்னத்தின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். பாதுகாப்பு இல்லாத காதில் ஒரே வெடி, ஆயுளுக்கும் ரீங்காரம் வரலாம்.

அப்படியானால் பயிரை எப்படிக் காப்பது?

2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் தொல்லை இருந்தால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறையினர் சேர்ந்த குழு முடிவு செய்யும். சுடுவது வனத்துறை. சம்சாரி இல்லை.

உங்கள் தோட்டம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பயிர் அழிந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். தனியாகக் கொடுப்பதைவிட நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் மனு நகரும். சூரியசக்தி வேலி போடுவதென்றால் முறைப்படி அனுமதி பெற்றுப் போடுங்கள். வீட்டுக் கரண்டை நேராக வேலியில் கொடுப்பது இன்னொரு நாட்டுத் துப்பாக்கி.

துப்பாக்கி யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கே ஒரு நல்ல உதாரணம் பார்த்திருக்கிறது. 2023 மே கடைசியில் அரிசிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்தது ஞாபகம் இருக்கும். ஜூன் 5 அதிகாலையில், சின்னமனூரிலிருந்து அதிக தூரமில்லாத சின்ன ஓவுலாபுரத்தில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

மயக்க ஊசித் துப்பாக்கியும் கையால் நிரப்புவதுதான். யானையின் எடையைக் கணித்து மருந்தை அளக்க வேண்டும். கூடினால் யானை எழுந்திருக்காது. குறைந்தால் மிரண்டு ஊருக்குள் ஓடும். தூரத்தைக் கணித்து அழுத்தம் வைக்க வேண்டும். கூடினால் ஊசி ஆழமாகப் பாய்ந்து காயமாக்கும். குறைந்தால் ஊசி எட்டாது. கால்நடை மருத்துவர்கள், வனத்துறையினர், கும்கி யானைகள் என்று ஒரு படையே காத்திருந்து, சரியான இடமும் நேரமும் வந்த பிறகே விசையைத் தட்டினார்கள். டன் கணக்கான கோபத்தை ஊர்மக்கள் மேல் திருப்பாமல் அடக்கியது துப்பாக்கியின் பலம் இல்லை, அளவு.

வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சில விஷயங்களைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில். காலி என்று யார் சொன்னாலும், நிரப்பியிருக்கிறது என்றே நினைத்துக் கையாள வேண்டும். விசையைத் தட்டியும் வெடிக்கவில்லை என்றால், குழலை ஆளில்லாத பக்கம் காட்டியபடி அரை நிமிஷமாவது காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. சத்தம் வழக்கத்துக்கு மாறாகச் சோப்ளாங்கியாக இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, ஆயுதக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அடுத்த தோட்டா வேண்டவே வேண்டாம். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போது, பழைய தோட்டாக்களைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் துருப்பிடித்த தோட்டாவோ, காகிதத்தில் மடித்த மருந்தோ கிடைத்தால், அடுப்பில் போடாதீர்கள், கிணற்றில் எறியாதீர்கள், ஈயத்துக்காக உடைத்துப் பார்க்காதீர்கள். அடுப்பில் வெடித்த தோட்டாவின் பித்தளைச் சில்லு கண்ணைக் குத்தப் போதும். ஈயத்தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதைத் தொட்ட கையோடு சோறு ஊட்டக் கூடாது. அப்படியே விட்டுவிட்டு, 100-க்கோ 112-க்கோ போன் செய்து சொல்லுங்கள்.

திருட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் உங்கள் சொந்தத்தில் இருக்கலாம். மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம். கிருஷ்ணகிரி, சேலம் மாவட்ட மலைக் கிராமங்களில், உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கும்படி போலீஸார் ஊர்ப் பெரியவர்கள் மூலம் கேட்டு, மக்கள் கொண்டுவந்து கொடுத்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஊர்ப் பெரியவர், வக்கீல் யாரையாவது வைத்துக்கொண்டு பேசினால் வழி பிறக்கும்.

பன்றி தின்ற வாழையை அடுத்த போகத்தில் நட்டுக்கொள்ளலாம். அதை நடுவதற்கு இரண்டு கையும், கன்று தளிர்ப்பதைப் பார்க்க இரண்டு கண்ணும் வேண்டும்.